முப்பதாம் எண் கட்டடம்



இடப்பெயர் ஆய்வுக் கருத்தரங்கில் தலைமை ஏற்பவர் ஊர்ப்பெயரில் தொடங்குவதுதான் மரபு. ரா. பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம்: ஊரும் பேரும்’ எழுதிய காலம் முதல் நம் கண் மலை, ஆறு, கோயில், குடி என்று தொன்மையானவற்றின் மேலேயே இருந்துவருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யார் பெயரிட்டார், எந்த ஆண்டில், எந்த ஆணையின்படி என்பதெல்லாம் ஏட்டில் பதிவாகியிருக்கிற இடங்களை நாம் தொடுவதே இல்லை. கல்வெட்டில் தேடி ஊகிக்க வேண்டியவை அங்கே கையெழுத்தோடு கிடைக்கின்றன. ஆகவே இன்று விண்வெளி மையங்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவின் நாசா, இடையில் பைக்கனூர், கடைசியில் கொஞ்சம் நம் இஸ்ரோ.

இம்மையங்களில் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பெயர் சிலவற்றுக்குத்தான். நம் அட்டவணைகளில் இத்தகைய இடம் வந்தால் பெயர்ப் பத்தியில் ஒரு கோடு போட்டுவிட்டு, எண்ணை முகவரிப் பத்திக்குத் தள்ளிவிடுகிறோம். எண்ணும் பெயர்தான், பல வேளைகளில் பெயரைவிட மூத்த சான்று அதுதான் என்பது என் கட்சி.

ஹூஸ்டனில் இருந்தே தொடங்கலாம். 1969 ஜூலையில் அப்போலோ 11 பறந்துகொண்டிருந்தபோது, செய்தியாளர் சந்திப்பு ‘கட்டடம் 1’ அரங்கில் நடக்கும் என்று அறிவிப்பாளர் சொல்வதை அந்நாளைய பதிவுகளில் காணலாம். இதைப் படித்த ஆய்வு மாணவர் ஒருவர் இன்றைய ஜான்சன் விண்வெளி மையத்தின் வரைபடத்தில் 1-ஐத் தேடினால், ஒன்பது மாடி நிர்வாகக் கட்டடத்தில் போய் நிற்பார். அங்கே அந்த அரங்கு இல்லை. அது பக்கத்தில் 2-ஆம் எண்ணில், டீக் அரங்கம் என்ற பெயரோடு இருக்கிறது. நிர்வாகக் கட்டடம் 1969-இல் 2, அரங்கம் 1. பின்னர் இரண்டும் எண்ணை மாற்றிக்கொண்டன. தலைமையலுவலகம் இரண்டாம் எண்ணில் இருப்பது யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சென்னைத் தெருக்களில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதிவைத்திருக்கிறோமே, அந்த முன்யோசனை அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அதே வளாகத்தில்தான் 30-ஆம் எண் கட்டடம். 1965 ஜூனில் ஜெமினி 4 பயணம் தொட்டு அமெரிக்க மனித விண்பயணங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு மையம் இது. நிலவுப் பயணங்களை நடத்திய அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது; 1985-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2019-இல் அப்போலோ காலத் தோற்றத்துக்கே மீட்கப்பட்டது. 2011-இல் இக்கட்டடத்துக்கு முதல் பறப்பு இயக்குநர் கிறிஸ்டோஃபர் கிராஃப்டின் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அது இன்னும் ‘முப்பது’தான். விரிவாக்கம் வந்தபோதும் புது எண் தரவில்லை. 30-எஸ் என்று எழுத்தை ஒட்டினார்கள்.

கட்டடத்துக்குள் நடக்கும் வேலையால் வந்த பெயருக்கு ஆயுள் குறைவு என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 37-ஆம் எண் கட்டடம் ‘நிலவுப் பொருள் பெறும் ஆய்வகம்’ ஆக இருந்தது. அப்போலோ 11 வீரர்கள் மூவரும் நிலவிலிருந்து நோய்க்கிருமி எதையும் கொண்டுவந்துவிட்டார்களோ என்ற அச்சத்தில் 1969 ஆகஸ்ட் 10 வரை அதற்குள்தான் அடைபட்டிருந்தார்கள். அப்போலோ முடிந்தது, பெறுவதற்குப் பொருளும் இல்லை, பெயருக்கு வேலையும் இல்லை. கற்களும் மண்ணுமாக 382 கிலோ நிலவுப் பொருளின் பெரும்பகுதிக்கு 1979-இல் 31-என் என்ற கட்டடம் வீடாயிற்று. 37 வேறு பணிகளுக்குப் போனது. நிலவின் பெயர் உதிர்ந்த பிறகும் எண் அப்படியே நின்றது.

மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு சொல். ஹூஸ்டனில் 13-ஆம் எண் கட்டடம் உண்டு, யாரும் அதற்கு அஞ்சவில்லை. நம் இஸ்ரோவிலோ பிஎஸ்எல்வி-சி12-க்கு அடுத்துப் பறந்தது சி14. கட்டடத்துக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்று சொல்லிச் சமாதானப்படலாம்.

இனி ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையம். எண்ணிடும் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சற்று நேரம் இங்கே நிற்க அனுமதியுங்கள். மையம் அமைந்திருக்கும் மெரிட் தீவுப் பகுதியைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்காக எழுத்துகள், மேற்கிலிருந்து கிழக்காக எண்கள். கட்டடத்தின் பெயர் இந்தக் கட்டத்தில் தொடங்கும். ராக்கெட்டை நிறுத்திப் பூட்டும் பெருங்கட்டடம் கே6-848. அதையொட்டிய ஏவுதல் கட்டுப்பாட்டு மையம் கே6-900. விண்வெளி வீரர்கள் தங்கிப் புறப்படும் கட்டடம் எம்7-355. ஏவுதளம் 39ஏ-இன் எண் ஜே8-1708; 39பி-இன் எண் ஜே7-337. வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் இந்த எண்களை வைத்து நீங்கள் வழி கண்டுபிடிக்கலாம்: எம் தெற்கே, கே வடக்கே, ஜே அதற்கும் வடக்கே. வீரர்கள் ஏவுதளத்துக்குப் போகும் பாதை எம், கே, ஜே என்று எழுத்துகளிலேயே வடக்கு நோக்கி ஏறுகிறது. எந்தப் பெருமகனின் பெயரைச் சூட்டினாலும் இந்தத் தகவலை அந்தப் பெயர் தராது.

பெயரோ மாறிக்கொண்டே இருந்தது. எம்7-355 முதலில் ஆளேறும் விண்கல இயக்கக் கட்டடம், பிறகு இயக்க, சரிபார்ப்புக் கட்டடம், 2014 முதல் அதோடு நீல் ஆம்ஸ்ட்ராங் பெயரும். கே6-900, 2022 முதல் ரோக்கோ பெட்ரோன் பெயரில். கே6-848-இன் கதை இன்னும் சுவையானது. 1963-இல் கட்டத் தொடங்கிய அந்த 160 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு முதலில் ‘வெர்ட்டிக்கல் அசெம்பிளி பில்டிங்’ என்று பெயர். சாட்டர்ன்-5 ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்திப் பூட்டும் இடம் என்பதால். 1965-இல் ‘வெஹிக்கிள் அசெம்பிளி பில்டிங்’ என்று மாற்றினார்கள். சாட்டர்னோடு முடிந்துவிடாமல் வருங்கால ஊர்திகளுக்கும் அது உதவும் என்பது காரணம். மாற்றியவரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ‘விஏபி’ என்ற சுருக்கம் நின்றது. படம், கடிதம், பேச்சு எதிலும் அதை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சுருக்கம் பின்னர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் வந்துசேர்ந்து இரண்டாம் விஏபி, அதாவது ‘எஸ்விஏபி’ என்று குட்டியும் போட்டுவிட்டது.

ஏவுதளங்களின் எழுத்திலும் ஒரு திருப்பம் உண்டு. வளாகம் 39-இன் தொடக்கத் திட்டத்தில் வடகோடித் தளம் ஏ, தென்கோடித் தளம் சி. 1963-இல் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். சி, ஏ ஆயிற்று. ஆம்ஸ்ட்ராங் புறப்பட்ட தளம் அதற்கு ஆறு ஆண்டு முன்னால் தாளில் சி-யாக இருந்தது. 1963-க்கு முந்தைய வரைபடத்தை எடுப்பவர் இதை மறந்தால் தளத்தையே மாற்றிவிடுவார்.

அந்த ஆண்டில் நிலப்பெயரும் மாறியது. கென்னடி கொல்லப்பட்ட சில நாட்களில் அதிபர் ஜான்சன் கேப் கனாவரலைக் கேப் கென்னடி ஆக்கினார். நூற்றாண்டுகள் பழமையான பெயர் அது. உள்ளூர் மக்கள் பத்தாண்டு பொறுத்தார்கள். 1973-இல் ஃபுளோரிடா சட்டம் இயற்றிப் பழைய பெயரை மீட்டுக்கொண்டது. மையத்துக்குக் கென்னடி, முனைக்குக் கனாவரல் என்று சமரசம். நம் ஊர்ப்பெயர் ஆய்வாளர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எண் வம்சத்தைக் காட்டும் இடம் அலபாமாவின் மார்ஷல் மையம். அங்கே தலைமைக் கட்டடமாக இருந்தது 4200. இவ்வளவு பெரிய எண் எங்கிருந்து வந்தது? மார்ஷல் மையம் இருப்பது ரெட்ஸ்டோன் ராணுவத் தளத்துக்குள். எண்ணும் அந்தத் தளத்தின் வரிசையைச் சேர்ந்தது. ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரானும் அவர் குழுவும் 1960-இல் ராணுவத்திலிருந்து நாசாவுக்கு மாறினார்கள். ராணுவ ஏவுகணை அமைப்பின் பழைய தலைமையகம் 4488. ஆட்சி மாறிற்று, ஊதியம் தருபவர் மாறினார், எண்வரிசை மாறவில்லை. குடிமைப் பணி அமைப்பு என்று பலகை சொல்கிறது. எண் தன் தகப்பனைச் சொல்கிறது. 1963 முதல் இருந்த அந்தப் பத்து மாடி 4200, 2022 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கலிபோர்னியாவின் இரண்டு இடங்களை விரைவாகக் கடந்துவிடுகிறேன். பசடீனாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எண் கட்டிய வரிசையில் போகிறது. அதனால் அடுத்தடுத்து நிற்கும் கட்டடங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று எட்டாமல் இருக்கும், வழி தேடுபவர் திண்டாடுவார், ஆனால் வரலாறு தேடுபவருக்கு எண்ணே வயது. ஏம்ஸ் மையத்தின் பழைய கட்டடங்கள் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும்: என்-200 நிர்வாகம், என்-258 மீக்கணினிகள். 1994 வரை கடற்படையிடமிருந்த மாஃபெட் தளத்தின் கட்டடங்களுக்கு இந்த முன்னெழுத்து இல்லை. ஒரு வேலியின் இருபுறத்தையும் ஒற்றை எழுத்து பிரித்துக்காட்டுகிறது. வானியல் கட்டுரைகளில் ஏம்ஸ் ஆசிரியர்களின் முகவரியில் 245-3 என்று பார்த்திருப்பீர்கள். 245 கட்டட எண். எந்த ஆண்டில் எந்தக் குழு எந்தக் கூரையின்கீழ் இருந்தது என்பதை அந்த முகவரி வரிகளை வைத்தே ஒருவர் முனைவர் பட்டத்துக்கு எழுதலாம். யாரும் எழுதவில்லையென்றால் இந்த அவையிலிருந்து ஒருவர் எழுதுங்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். பெயர் சூட்டுவது அரசியல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பழைய பெயர் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். கிளீவ்லாந்தின் லூயிஸ் மையம் 1999-இல் ஜான் கிளென் மையம் ஆனது. ஜார்ஜ் லூயிஸின் பெயர் ‘லூயிஸ் ஃபீல்ட்’ என்று நிலப்பரப்புக்கு இறங்கியது. 2014-இல் டிரைடன் மையம் ஆம்ஸ்ட்ராங் மையம் ஆனது. ஹியூ டிரைடனின் பெயர் பறப்புச் சோதனைப் பரப்புக்குப் போனது. இரு முறையும் பழைய பெயரை அழிக்கவில்லை. ஒரு படி கீழே உட்காரவைத்தார்கள். புகழ் மிகுந்தவர் வரும்போது புகழ் குறைந்தவர் நகர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டிரைடன் நாசாவின் முதல் துணை நிர்வாகி. அவரைப் பற்றி இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நேரெதிர்த் திசையிலும் ஓட்டம் உண்டு. லாங்லி மையத்தில் 2017-இல் கணக்கீட்டு ஆய்வுக் கட்டடத்துக்குக் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் பெயர்; திறப்பின்போது அவருக்கு வயது 99. கறுப்பினப் பெண் கணக்கீட்டாளர்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கிவைத்த அந்த வளாகத்திலேயே இது நடந்தது. 2024 ஜூலையில் ஹூஸ்டனின் 12-ஆம் எண்ணுக்கு அதே பிரிவில் பணியாற்றிய டோரதி வான் பெயர், அப்போலோவின் பெண்கள் அனைவர் நினைவாக. வாஷிங்டன் தலைமையகம் 2021 முதல் அப்பிரிவின் இன்னொருவரான மேரி ஜாக்சன் பெயரில். அதுவரை அதற்கு இருந்தது ஒரு அலுவலக வளாகத்தின் பெயர். நாசா அங்கே வாடகைக்கு இருக்கிறது. வாடகை வீட்டில் தொங்கவிட்ட பெயர்ப் பலகை குடியிருப்பவரோடு போகுமா, சுவரோடு நிற்குமா? ஆணைகள் இதைப் பேசுவதில்லை. நான் குறை சொல்லவில்லை. பலகை வைத்ததே நல்லதுதான். ஆனால் அறுபதாண்டுத் தாமதத்தையும் நம் பதிவில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும்.

பைக்கனூரில் பெயரே ஒரு மறைப்பு. சோவியத் அறிவிப்புகள் சொன்ன பைக்கனூர் என்ற சிற்றூர், ஏவுதளத்திலிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது. உண்மையான இடம் தியூராதாம் ரயில் நிலையத்தருகே. உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாம் எண்தான்: ககாரின் புறப்பட்டது தளம் 1, 1960 அக்டோபரில் மார்ஷல் நெடெலின் உள்ளிட்டோர் வெடிப்பில் மாண்டது தளம் 41, 2002-இல் கூரை இடிந்து எட்டுப் பேரையும் புரான் விண்கலத்தையும் பலிகொண்டது தளம் 112-இன் கூடம். பெயர் ஏமாற்றிய இடத்தில் எண் ஏமாற்றவில்லை. பின்பு 1995-இல் பக்கத்து லெனின்ஸ்க் நகருக்கே பைக்கனூர் என்று பெயரிட்டார்கள். பொய்ப்பெயர் மெய்ப்பெயர் ஆகிவிட்டது.

நம் நாட்டில் பெருமக்களின் பெயர் மையத்துக்குத்தான் போகிறது: தும்பாவில் விக்ரம் சாராபாய், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு 2002-இல் சதீஷ் தவான், பெங்களூருவில் 2018-இல் யு. ஆர். ராவ். ஏவுதளங்களுக்கு முதலாவது, இரண்டாவது என்ற வரிசை எண்ணே. மூன்றாவதற்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. விதிவிலக்கு தும்பாவின் புனித மரிய மகதலேனா தேவாலயம். ராக்கெட் நிலையத்துக்கு அலுவலகமாகி, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனாலும் அதைத் தேவாலயம் என்றே சொல்கிறார்கள். நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலும் மலைப்பெயரே வளாகப் பெயராக நிற்கிறது.

இந்த இரண்டு நாளில் நாம் முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இடப்பெயர் அகராதிக்கான பதிவுத் தாளைத் திருத்தப் போகிறோம். எண்ணுக்குத் தனிப் பத்தி வேண்டும். அது எந்த முறையில் வந்தது, கட்டமா, கட்டிய வரிசையா, முன்னாள் உரிமையாளரின் தொடரா என்பதற்கு ஒரு பத்தி வேண்டும். எண் மாறியிருந்தால் மாறிய ஆண்டு கட்டாயம் வேண்டும். சூட்டிய பெயருக்கு ஆணை எண்ணும் நாளும். அங்கே வேலை செய்பவர்கள் வாயில் வழங்குவது வேறாக இருந்தால் அதையும் எழுத வேண்டும். இடிக்கப்பட்ட கட்டடத்தின் எண்ணைப் புதியதற்குத் தருவதா, ஒதுக்கிவைப்பதா என்பதில் அவை பிளவுபடும் என்று எதிர்பார்க்கிறேன்; பிற்பகல் அமர்வில் அதற்கு ஒரு மணி நேரம் விட்டிருக்கிறோம்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.