நிலைமம் என்னும் சொல்

(ஊராட்சி ஒன்றியப் பணியாளர் புத்தறிவுப் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. ‘இனர்ஷியா’ என்பது அது. திட்டம் ஒன்று எதிர்பார்த்த அளவு பரவாவிடில், மக்களிடையே காணப்படும் இனர்ஷியாவே காரணம் என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். தமிழில் எழுதுவோர் ‘மந்தம்’ என்பர். ‘மெத்தனம்’ என்பாரும் உளர். எழுதியவரும் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்; மேலதிகாரியும் ஒப்பமிடுவார். யானும் என் பணிக்காலத்தில் அவ்வாறு எழுதியவனே. ஆகவே, பிறரைக் குறைகூற இங்கு நிற்கவில்லை. அச்சொல்லின் பொருளைச் சரிவர அறிந்தபின் எனக்கு நேர்ந்த வெட்கத்தை உங்கள் முன் வைக்கவே வந்துள்ளேன்.

பிறப்பில் இது ஒரு வசைச்சொல். இலத்தீன் மொழியில் ‘ஆர்ஸ்’ என்றால் திறமை, கலை. அதனோடு இன்மைப் பொருள் சேர்ந்து ‘இனெர்ஸ்’ ஆயிற்று. திறமையற்றவன், செயலற்றவன் என்பது பொருள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வானநூலறிஞர் கெப்ளர் இதனைப் பௌதிகத்தினுள் கொணர்ந்தார். சடப்பொருள் இயல்பாகவே ஓய்வை நாடுவது என்று அவர் கருதினார். இத்தாலி நாட்டுக் கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை ஓடவிட்டுப் பார்த்து, தடை ஏதும் இல்லையேல் ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்னும் முடிவுக்கு வந்தார். 1687-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இதை விதியாகவே வகுத்தார். நிற்கும் பொருள் நின்றபடி இருக்கும். நேர்கோட்டில் சீராக ஓடும் பொருள் ஓடியபடி இருக்கும். புறவிசை ஒன்று வந்து மாற்றும் வரை இதுவே இயல்பு. பொருளின் நிறை எவ்வளவோ அவ்வளவு இந்தக் குணமும் மிகும்.

இங்கேதான் சொல்லின் பொருள் திரும்பிவிட்டது. சோம்பல் என்றிருந்தது, கொண்ட நிலையை விடாமை என்றாயிற்று. நிற்பதற்கு எவ்வளவு உரியதோ, ஓடுவதற்கும் அவ்வளவே உரியது. இலங்கைப் பாடநூல்கள் இதனைச் ‘சடத்துவம்’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிலைமம்’ என்று காண்கிறோம். ‘சடம்’ என்ற சொல் வசையாகவும் வழங்குவதால், நிலைமம் என்பதே எனக்கு உவப்பானது.

கிராமத்தாருக்கு இந்த விதி புதிதன்று. கோடரித் தலை ஆடினால், காம்பின் அடியைக் கல்லின்மீது ஓங்கிக் குத்துகிறார்கள். காம்பு சட்டென்று நிற்கிறது; கனத்த இரும்போ கீழ்நோக்கிய ஓட்டத்தை விடாமல் இறங்கி இறுகுகிறது. குயவர் தம் கனத்த சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுகிறார். அதன்பின் சக்கரம் சுழல்வது அதன் நிலைமத்தால் அன்றோ? அந்நேரத்தில் இரு கைகளும் மண்ணுக்கு உரியனவாகின்றன. எண்ணெய் எஞ்சினின் பக்கத்தில் சுழலும் பெருஞ்சக்கரமும் இதே வேலையைச் செய்கிறது.

நிலைமம் போதவில்லையே என்று கவலைப்படுவோரும் உளர். அனல் மின் நிலையங்களிலும் நீர் மின் நிலையங்களிலும் பல டன் எடையுள்ள சுழலிகள் ஓடுகின்றன. ஏதேனும் ஒரு நிலையம் திடீரென்று நின்றுவிட்டால், மற்றவற்றின் சுழற்சி சில நொடிகள் தாங்கிக்கொடுக்கிறது. நொடிக்கு 50 சுற்று என்ற அளவு உடனே வீழ்வதில்லை. சூரிய ஒளித் தகட்டில் சுழலும் உறுப்பே இல்லை. அத்தகைய மின்சாரம் பெருகப் பெருக, இழந்த நிலைமத்தை எவ்வாறு ஈடுசெய்வது என்று பொறியாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர். நாம் பழிக்கும் சொல்லை அவர்கள் தேடி அலைகிறார்கள்!

இனி என் வெட்கத்திற்கு வருகிறேன். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் திருந்திய நெல் சாகுபடியைப் பரப்பும் பணியில் இருந்தேன். இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, கயிறு பிடித்துச் சதுர நடவு, இடையே உருளும் களைக்கருவி என்னும் அம்முறையை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்று கூறியபோது ஊரார் சிரித்தனர். செயல்விளக்கத் திடலில் பயிர் தூர்கட்டியதைக் கண்டபின் சிரிக்கவில்லை. ஆயினும் அடுத்த பருவத்தில் ஒருவரும் அம்முறையில் நடவில்லை. ‘மந்தம்’ என்று எழுதி அனுப்பினேன்.

சில நாட்கள் கழித்து, நடவு ஆட்களின் தலைவியான மூதாட்டி ஒருவர் வரப்பில் என்னை நிறுத்தினார். “ஐயா, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் நடுகிறோம். கயிறு பிடித்து ஒவ்வொரு நாற்றாக வைத்தால், பொழுது சாய்ந்தாலும் பாதி வயல்தான் ஆகும். கூலியைக் கூட்டித் தரச் சொன்னீர்களா?” என்றார்.

நான் சொல்லவில்லை. அது என் நினைவிலேயே இல்லை.

அப்பெண்கள் நட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். குனிந்த முதுகு நிமிராமல், பேச்சும் சிரிப்புமாக, பின்னோக்கி நகர்ந்தபடியே வயலை நிரப்பிச் சென்றார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரே வேகத்தில் பழகிய கைகள் அவை. அதை மந்தம் என்று எழுத எனக்கு எப்படி மனம் வந்தது? அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள். நான் அவர்களைத் திசைமாறச் சொன்னேனே ஒழிய, திசைமாற்றும் விசையை எங்கே செலுத்துவது என்று எண்ணிப் பார்க்கவில்லை. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் நில உரிமையாளர் காதில்தான் விழுந்தன.

மறு பருவத்தில், கை பழகும் வரை நாட்கூலியாகக் கொடுக்க நான்கு உழவர்கள் இசைந்தனர். அந்நால்வர் வயலில் சதுர நடவு நடந்தது. ஊர் முழுவதும் மாறிவிட்டது என்று கூறமாட்டேன். நான்கு வயல்கள், அவ்வளவே.

அவற்றிலும் இரண்டு அடுத்த ஆண்டு பழைய முறைக்குத் திரும்பின. இம்முறை கூலி காரணமன்று. களைக்கருவி ஒன்றே பல ஊர்களுக்குப் பொது. அதைப் பெற இருமுறை அலைந்தும் களை முற்றிய பிறகே கைக்கு வந்தது. இதற்கு நிலைமம் என்று பெயரிடுவது பிழை. ஓடும் வண்டி நிற்பது நிலைமத்தால் அன்று, உராய்வால். அச்சுக்கு மையிடாமல் மாட்டை அடிக்கும் வண்டிக்காரனை ஊரே ஏசும். உராய்வு அலுவலகத்தில் இருக்க, அறிக்கையில் ஏச்சு உழவருக்குப் போகிறது. (அலுவலகங்களுக்கும் நிலைமம் உண்டு. யாரும் படிக்காத மாதாந்தரப் பட்டி ஒன்றை நான் பல ஆண்டுகள் தவறாமல் அனுப்பியிருக்கிறேன்.)

நாளைக் காலை நாம் ஒரு நடவு வயலைப் பார்வையிடச் செல்கிறோம். நடவு ஆட்கள் ஏழு மணிக்கே சேற்றில் இறங்கிவிடுவர். உரிமையாளரிடம் பேசுமுன் அவர்களிடம் பேசுங்கள். கூலி ஏக்கர்க் கணக்கா, நாட்கணக்கா, கருவி யாரிடம் உள்ளது, கேட்ட எத்தனையாம் நாள் கிடைக்கிறது என்று கேட்டறிந்து, ‘காரணம்’ என்ற கட்டத்தில் அதையே எழுதுங்கள். பேருந்து ஆறு மணிக்குப் புறப்படும்.