ஆமா போடத் தெரிந்தவர்கள்



நம் பேச்சில் இரண்டு ஏச்சு உண்டு. 'அவன் ஆமாம் போடுகிறவன்' என்போம். 'ஜால்ரா அடிக்கிறவன்' என்போம். சொந்தப் புத்தி இல்லாதவன் என்று பொருள். ஆனால் இந்தத் தென்காசிச் சீமையில் கோவில் கொடை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வில்லுப்பாட்டில் ஆமா போடுவதும் ஜால்ரா அடிப்பதும் லேசான வேலை இல்லை.

நான் சின்னப் பிள்ளையில் வாயே திறக்க மாட்டேன். வகுப்பில் பேரைச் சொல்லச் சொன்னாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வில்லுக் குழுவில் குடம் அடித்த என் மாமா ஒரு கொடைக்குக் கூட்டிப்போய், தன் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஜால்ராவைத் தந்தார். அன்று முத்துப்பட்டன் கதை. அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை எடுத்துக் கொடுக்க, உடுக்கும் குடமும் கட்டையும் சேர, பின்னால் இருப்பவர்கள் 'ஆமா' என்று வாங்கிப் பாட வேண்டும். நான் கதையில் சொக்கிப்போய் வாயை மூடிக்கொண்டேன். அண்ணாவி திரும்பிப் பார்த்தார்.

"ஏல, நீ கேட்டாத்தானல நான் சொல்ல முடியும்!"

அந்த ஒரு சொல்தான் என்னைப் பேச வைத்தது. கதை அவர் வாயில் மட்டும் இல்லை, என் 'ஆமா'விலும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. எதிரே இருந்த பாட்டிமார்கள் எங்களைவிடக் கெட்டி. பட்டன் மாடுகளை மீட்கப் போய் உயிரை விடுகிற கட்டத்தில் ஓர் அடி விட்டுப்போனாலும் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். சாமியாடி அந்த அடிக்காகத்தானே காத்து நிற்கிறார்! ஊரே சேர்ந்துதான் அந்தக் கதையைச் சொல்லி முடித்தது.

கேட்டு வளர்கிற இதே பயிற்சி இலக்கியத்துக்கும் நடந்தது. நெல்லை வண்ணார்பேட்டையில், தன் வீட்டில், ரசிகமணி டி.கே.சி. 1924இல் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைத் தொடங்கினார். பிறகு இந்தக் குற்றாலத்துக்கே குடிவந்து, 1954இல் மறையும்வரை அவர் வீட்டு வாசல் நண்பர்களுக்குத் திறந்தே இருந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் டி.கே.சி. திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்பவர் முகம் மலர்கிறவரைக்கும் விடமாட்டார். நீதிபதி மகராஜனும் பாஸ்கரத் தொண்டைமானும் அந்த வட்டத்தில் கேட்டு வளர்ந்து, பிறகு எழுத்திலும் மேடையிலும் தழைத்தவர்கள். ரசிகமணி என்று அவருக்குப் பட்டம் வாய்த்ததே எனக்குப் பெரிய செய்தி. கவிஞர் என்றோ புலவர் என்றோ அல்ல, ரசிக்கிறவர் என்று ஒரு மனிதரை இந்த மண் கொண்டாடியிருக்கிறது!

வில்லும் அதே மாதிரி ஆட்களை வளர்த்தது. நெல்லை சத்திரப்புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கலைவாணரிடம் போய்ச் சேர்ந்து, காந்தி கதையையும் பாரதி கதையையும் வில்லில் ஏற்றினார். 2021இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குக் கதைக்குக் குறைவே இல்லை. காதில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கதை அவர்களுடைய 'ஆமா'வுக்காக நிற்பதில்லை. கொடைகளிலோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஏறிவிட்டது. வில்லு நடக்கிற இடத்திலும் முன்னால் பத்துப் பேர். எனக்கு இது பொறுக்கவில்லை.

கோவில் வரிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். வருகிற கொடைக்கு வில்லுக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உங்கள் தெருவில் பேசவே கூச்சப்படுகிற பிள்ளை ஒன்று இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டு போய் வில்லுக்குப் பின்னால் உட்கார வைத்து, கையில் ஜால்ராவைக் கொடுங்கள்.