வெளுக்கத் திரவம் உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை!

தாய்மார்களே, தங்கச்சிகளே, டீக்கடை ஓரம் நின்று கேட்காத மாதிரி கேட்கிற அண்ணன்மார்களே!

போன வாரம் நம் ஊர் மகளிர் கல்லூரி ஒன்றில் சுகாதார விழிப்புணர்வு முகாம். முடிந்ததும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பாக்கெட். பிறப்புறுப்பைக் கழுவுகிற திரவமாம். ரோஜா வாசனையாம். கறுப்பையும் வெளுக்குமாம்! பருவம் வந்தால் அந்த இடத்துத் தோல் கறுப்பது இயற்கை. அதைக் குறையென்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு நிர்வாகம் பொன்னாடை போர்த்தியிருக்கிறது!

அங்கே கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். நாலு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவை இழுத்துப் பிடிக்கிறாள். குழாயைத் திருகினால் காற்று வருகிறது. இதற்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வராமல் என்ன வரும்? வெளுக்கத் திரவம் கொடுத்தாயே, தாழ்ப்பாள் எங்கே ஐயா?

"பிடிக்காதவள் வாங்காமல் இருக்கட்டுமே" என்கிறார்கள் கெட்டிக்காரர்கள். முதலில் பயமுறுத்துவானாம், பிறகு மருந்து விற்பானாம், அது சுதந்திரமாம்! 1930களில் அமெரிக்காவில் லைசாலை, ஆமாம், தரை கழுவுகிற அந்த லைசாலைத்தான், உள்ளே விட்டுக் கழுவச் சொல்லி விளம்பரம் போட்டார்கள். புருஷன் விலகிப்போகாமல் இருக்கவாம்! வெந்துபோன பெண்கள் எத்தனையோ பேர்.

யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே குடியிருக்கிற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, பிஎச் அளவை 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில் வைத்திருக்கிறது. குளிக்கிற சோப்பின் அளவு 9, 10. அதை உள்ளே விடுவது காவல்காரனைத் துரத்திவிட்டுத் திருடனுக்குப் பாய் விரிப்பது. வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும். கால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள். பருத்தி ஜட்டி போடுங்கள், வெயிலில் காயப்போடுங்கள். எங்கே போடுகிறோம்? பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தானே! திருடிய பொருளா அது?

வெள்ளைப்படுவதெல்லாம் நோயில்லை. தயிர்த்திரி மாதிரி வந்து அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் பாருங்கள். வயதாகித் தீட்டு அடியோடு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே ஓடுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

"மேடையில் பேசுகிற விஷயமா இது" என்று எனக்கு முன்னால் பேசிய அண்ணன் முகம் சுளிக்கிறார். தாய்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினீர்கள் அண்ணே. அந்தத் தாய் ஒன்றுக்கு எங்கே போகிறாள் என்று கேட்டால் மட்டும் இருமல் வருகிறதே!

ஜவுளிக்கடைப் பிள்ளைகளைப் பாருங்கள். கேரளத்தில் 2018-இல் வந்தது, இங்கே தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது, கடையில் வேலை செய்கிறவர் உட்காரலாம் என்ற சட்டம். உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்த நாட்டில், எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கு யாரிடம் கேட்பாள்? நாலாவது மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. போனால் சூப்பர்வைசர் நோட்டில் நேரம் எழுதுகிறான். காலையில் வைத்த நாப்கினோடு ராத்திரி கடை அடைக்கும்வரை நிற்கிறாள். தொடை உரசிப் புண்ணாகி, பவுடரைத் தடவிக்கொண்டு மறுநாளும் வருகிறாள். அவளுக்கு எந்த ரோஜா வாசனையடா தேவை? தண்ணீர் கொடு! தாழ்ப்பாள் போடு!

தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போவீர்கள். பில் போடுமுன் கேளுங்கள்: "உங்கள் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே?" காட்டச் சொல்லுங்கள். ஏறிப்போய்ப் பாருங்கள். காட்டாவிட்டால் எடுத்த புடவையை மேஜையிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.