குளிர்காலத்துக்கு ஒரு மரக்கறித் தோட்டம்

நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களிலே மரக்கறிக்கு எங்கே போவது? இங்கிலாந்தின் பொதுத் தோட்டக்காரர் இதற்குக் கண்ட விடையைச் சொல்ல விழைகின்றேன்.

அந்நாட்டு நகரவாசிகள் பலருக்கு வீட்டோடு தோட்டநிலம் இல்லை. மக்கள் கோரினால் உள்ளூராட்சிச் சபை காணியைத் துண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு அளித்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அத்துண்டுக்கு 'அலொட்மென்ற்' என்று பெயர். 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டது ஒரு குடும்பத்துக்குப் போதும் என்பது பழைய கணக்கு.

1939இல் போர் மூண்டது. கப்பலில் வந்த உணவு குறைந்தது. 1940இல் பிரான்சு வீழ்ந்தபின் அங்கிருந்து வந்த வெங்காயமும் நின்றுபோயிற்று. லண்டன் கோபுரத்தின் அகழியிலேகூட மரக்கறி பயிரிட்டனர். ஆனால், புதிதாக மண்வெட்டி பிடித்தவர்கள் கோடைப் பயிரையே நாடினர். கோடையில் மிதமிஞ்சிய விளைச்சல். பனிக்காலத்தில் வெறும் பாத்தி! கோடைக்கு மட்டுமன்றிக் குளிர்காலத்துக்கும் பயிரிடுங்கள் என்று அரசாங்கம் சுவரொட்டி வெளியிட நேர்ந்தது.

குளிர்காலப் பயிரைக் குளிர்காலத்தில் வளர்ப்பதில்லை, நேயர்களே. முன்னரே வளர்த்து, நிலத்திலேயே நிறுத்திவைக்கின்றார்கள். நவம்பருக்குப்பின் வெளிச்சமும் வெப்பமும் போதாமையால் செடி ஏறக்குறைய உறங்கிவிடும். நுவரெலியாவில் விளையும் லீக்ஸை நாம் அறிவோம். அங்கே அதனை மார்ச்சில் நாற்றுமேடையில் விதைத்து, ஜூன், ஜூலையில் ஆறங்குலக் குழிகளில் இறக்குவர். குழியை மண்ணால் மூடாமல் நீர் மட்டும் ஊற்றுவர். தண்டு வெண்மையாகத் திரளும்.

பாஸ்னிப் என்றொரு வெண்கிழங்கு உண்டு. அதன் விதை ஓராண்டு பழையதானாலே முளைப்பது அரிது. உறைபனி பட்டதும் கிழங்கின் மாப்பொருளில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், அனுபவசாலிகள் முதற்பனிக்கு முன் அதைத் தொடமாட்டார்கள். ஆயினும் நிலம் கல்லாய் இறுகினால் மண்வெட்டி இறங்காது. ஆகவே சிலவற்றை முன்கூட்டியே கிளறி மணலில் புதைத்து வைப்பர்.

மிகக் கடினமான காலம் நடுக்குளிரன்று, வசந்தமே. ஏப்ரல், மே மாதங்களில் பழைய பயிர் தீர்ந்திருக்கும், புதியது விளைந்திராது. அந்த இடைவெளியின் முற்பகுதியை ஊதாநிறப் புரொக்கோலியே நிரப்புகின்றது. அதற்கு முந்திய வசந்தத்திலேயே விதைத்து, ஏறக்குறைய ஓராண்டு இடத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும். புதியவர்களுக்கு மனம் வராத காரியம் இதுதான். இதில் புறாக்களின் தொல்லை வேறு. பனிக்காலத்தில் வேறு பச்சை காணாத புறாக்கள் வலை கட்டாத பாத்தியில் இறங்கினால், நரம்பும் தண்டுமே மிஞ்சும்.