அமுக்குப் பேயும் விடியற்காலைப் பெரட்டும்

நள்ளிரவு தாண்டிய ஒரு நேரத்தில் கண் விழிக்கிறது. அறை தெரிகிறது, காற்றாடி சுற்றும் சத்தம் காதில் விழுகிறது. ஆனால் கை அசையவில்லை, கால் அசையவில்லை, கத்த நினைத்தால் குரல் வரவில்லை. நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. கதவோரம் யாரோ நிற்பது போலிருக்கிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ எல்லாம் விலகிவிடுகிறது. இதை மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் சொன்னால், அமுக்குப் பேய் அமுக்கியிருக்கிறது என்பார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் "கெனா திண்டே", அதாவது அமுக்கப்பட்டது, என்பார். எதிர்வரிசைச் சீனர், பேய் மேலே ஏறி அழுத்திவிட்டது என்பார். ஒரே பள்ளத்தாக்கில் வாழும் மூன்று சமூகங்களுக்கும் சமயம் வேறு, பேய்க்கதைகள் வேறு. ஆனாலும் நெஞ்சில் ஏறும் பாரத்தை மூவரும் ஒரே விதமாகத்தான் விவரிக்கிறார்கள். இந்த ஒற்றுமையை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே உடலில் ஒன்று நடக்கிறது. அது என்ன என்பதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், கிள்ளான் பள்ளத்தாக்கின் உழைப்பு வரலாறு அதற்கு எப்படித் தீனி போட்டது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

மருத்துவர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. 10ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் அகவைனி புகாரி, வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவிதான் இந்த அமுக்கத்துக்குக் காரணம் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் காரணத்தை உடலுக்குள்ளே தேடினார் என்பது முக்கியம். 1664இல் டச்சு மருத்துவர் இஸ்பிராண்ட் வான் டீமர்புரூக், தன்னிடம் வந்த ஐம்பது வயதுப் பெண்ணைப் பற்றிக் குறித்துவைத்தார். சில இரவுகளில் சாத்தான் தன்மேல் படுத்து அழுத்துவதாகவும், சில இரவுகளில் பெரிய நாயோ திருடனோ நெஞ்சில் ஏறிக்கொள்வதாகவும் அந்தப் பெண் சொன்னார். இது நம் பாட்டி சொல்வதிலிருந்து எவ்வளவு தூரம்? 1781இல் ஹென்றி ஃபியூசிலி வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலும், தூங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப் பூதம் குந்தியிருக்கிறது. 1876இல் அமெரிக்க நரம்பு மருத்துவர் வியர் மிட்செல் இந்த நிலையை நோயாளிகளிடம் பதிவுசெய்தார். 1928இல் பிரிட்டிஷ் மருத்துவர் கின்னியர் வில்சன் இதற்குத் தூக்க வாதம் என்று பெயர் வைத்தார். அதுவரையில் பெயர்தான் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை.

விளக்கத்தின் கதவு 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் திறந்தது. யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் இருவரும் தூங்குகிறவர்களின் கண்கள் இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு கட்டத்தைக் கண்டார்கள். அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் தெளிவான கனவு ஒன்றைச் சொன்னார்கள். 1959இல் பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ழூவே பூனைகளை ஆராய்ந்தபோது, இந்தக் கனவுக் கட்டத்தில் உடலின் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுவதைக் காட்டினார். பின்னர் மூளைத்தண்டின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியதும், தூங்கும் பூனை எழுந்து இல்லாத இரையின் மேல் பாய்ந்தது. கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து நாமும் குதித்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் அதுதான் அமுக்கம். கண் தசைகளும், மூச்சை நடத்தும் உதரவிதானமும் இந்தக் கட்டுக்குள் வருவதில்லை. அதனால் பார்க்க முடிகிறது, மூச்சும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் விலாத் தசைகள் தளர்ந்திருப்பதால் வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்த்தால் மூச்சு இணங்காது. அந்த இணங்காமையை மூளை நெஞ்சுப் பாரமாகப் புரிந்துகொள்கிறது. அறையில் இன்னொருவர் நிற்பது போன்ற உணர்வுக்கும் மூளையில் இடம் உண்டு. 2006இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, விழித்திருந்த நோயாளி ஒருவர் தன் பின்னால் ஒரு நிழலுருவம் இருப்பதாக உணர்ந்தார். தன் உடல் எங்கே முடிகிறது என்று மூளை வைத்திருக்கும் கணக்கு அங்கே குழம்பியிருந்தது.

நம் பள்ளத்தாக்குக்கு மிகவும் பொருந்துவது 1992இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு சோதனை. நலமானவர்களை இரவில் தூக்கத்தின் நடுவே எழுப்பி, சற்று நேரம் விழித்திருக்கவைத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். சிலர் நேராகக் கனவுக் கட்டத்துக்குள் விழுந்தார்கள், அவர்களில் சிலருக்கு அமுக்கம் வந்தது. அதாவது எந்தப் பேயையும் அழைக்காமல், தூக்கத்தைக் குலைத்தே அமுக்குப் பேயை ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துவிட்டார்கள். இதோடு இன்னொரு உண்மையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் தூக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கனவுக் கட்டம். அதன் பெரும்பகுதி இரவின் கடைசி மூன்றிலொரு பங்கில் குவிந்திருக்கிறது. விடியலுக்கு முன்பே எழுப்பப்படுகிறவர் அதிகம் இழப்பது இந்தப் பகுதியைத்தான். இழந்ததை மூளை விடுவதில்லை. அடுத்துத் தலை சாயும்போது கடனைத் திருப்பிக் கேட்பது போல விரைவாகக் கனவுக்குள் இழுத்துப்போகிறது.

இப்போது கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பால்மரத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பு பட்டைக்குள் அழுத்தம் அதிகம், வெட்டினால் பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடுவதற்குள் வந்து நிற்க வேண்டுமென்றால், பெண்கள் அதற்கும் முன்பே எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டிருக்க வேண்டும். கடைசிக் கனவுக் கட்டம் பல்லாண்டுகள் நாள் தவறாமல் அறுக்கப்பட்டது. மதியம் லயத்து வீட்டுக்குத் திரும்பி மல்லாந்து படுத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஜப்பானியச் சோதனை சொல்லிவிட்டது. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. தோட்டத்து முனிக்கதைகள் அத்தனையும் இதிலிருந்து பிறந்தவை என்று சொல்லவரவில்லை. முனியாண்டி சாமிக்கு வேறு வரலாறும் மரியாதையும் உண்டு. ஆனால் தூங்கும்போது அமுக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் அனுபவத்துக்கு அந்தப் பெரட்டு ஒரு வலுவான காரணம் என்பது என் வாதம். தோட்டத்தோடு இது முடியவில்லை. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ஓடத் தொடங்கிய ரயில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரிசை வீடுகளில் யாழ்ப்பாணத் தமிழரையும் தமிழ்நாட்டுத் தமிழரையும் குடியமர்த்தியது. ரயில் வேலை என்றால் முறை மாற்றி முறை. 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹம், இன்றைய போர்ட் கிள்ளான், இரவிலும் கப்பல் இறக்கும் ஊர். 1970களில் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய சுங்கை வேயில் மின்னணு ஆலைகள் வந்தபோது ஷிப்ட் வேலை ஒரு தலைமுறை இளம்பெண்களின் இரவைத் துண்டாடியது.

அந்த சுங்கை வேயில் 1978இல் நடந்ததை மானிடவியலாளர் ஐவா ஓங் பதிவுசெய்திருக்கிறார். ஓர் அமெரிக்க மின்னணு ஆலையில் நுண்ணோக்கி வழியே வேலை செய்த சுமார் 120 பெண்களை ஆவி பிடித்தது. ஆலை மூன்று நாள் மூடப்பட்டது. போமோ எனும் மலாய் மந்திரவாதி வரவழைக்கப்பட்டு ஆடு ஒன்று அறுக்கப்பட்டது. இது விழித்திருக்கும்போது வந்த கூட்டு மயக்கம், தூக்க வாதம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஆனாலும் ஓங் தன் 1987 நூலில் காட்டியது நமக்கும் உதவும்: அந்த ஆவிகளின் வழியே பேசியது ஆலையின் நெருக்கடி. காரணத்தை ஆவியிடம் ஒப்படைத்தால் ஆவிக்குத்தான் பரிகாரம் நடக்கும். இதற்கு எதிரான உதாரணமும் கிள்ளானிலேயே உண்டு. கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1897இல் ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், அந்தக் கண்டுபிடிப்பை நம்பிச் சதுப்பு நிலத்து நீரை வடித்தார். ஊரில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. சரியான காரணம் தெரிந்ததால்தான் அங்கே சரியான இடத்தில் மண்வெட்டி விழுந்தது.

மறுப்புகளைக் கேட்போம். விபூதி பூசிக்கொண்டு முருகா என்றதும் விட்டுப்போனதே, அதற்கு என்ன சொல்வீர்கள் என்பார்கள். உண்மைதான், பலருக்கு அது உதவுகிறது. அமுக்கம் தானாகவே தீர்ந்துவிடக்கூடியது. பயம் குறைந்தால் அது இன்னும் எளிதாகக் கழிகிறது. ஆய்வாளர்கள் பாலண்ட் ஜலாலும் டெவன் ஹின்டனும் எகிப்தியரையும் டேனிஷ் மக்களையும் ஒப்பிட்டபோது, ஜின்னின் வேலை என்று நம்பிய எகிப்தியருக்குப் பயமும் அதிகம், அசைய முடியாத நேரமும் அதிகம் என்று கண்டார்கள். ஆகவே தெம்பு தரும் நம்பிக்கை நல்லது, திகில் ஊட்டும் விளக்கம் நோயை வளர்க்கிறது. படுக்குமுன் திருநீறு பூசுவதை யாரும் விட வேண்டியதில்லை. வீட்டில் ஏவல் இருக்கிறது, கழிக்க இவ்வளவு வெள்ளி ஆகும் என்று சொல்கிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இரவு வேலையே பார்க்காத மாணவர்களுக்கும் இது வருகிறதே? வருகிறது. 2011இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி பொதுமக்களில் 7.6 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28 சதவீதத்தை ஒட்டியது. 2015இல் பிரிட்டனில் இரட்டையரிடம் நடந்த ஆய்வு, இதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று கணித்தது. உழைப்பு நேரம் ஒன்றே காரணம் என்று சொன்னால் நானும் பேய்க்கதைக்காரரைப் போலவே எளிமைப்படுத்துகிறேன் என்றாகும். ஆனால் தேர்வுக்காகக் கண் விழிக்கும் மாணவரும் ஷிப்ட் தொழிலாளியும் ஒரே இடத்தில் அடிபடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். பரம்பரையை மாற்ற முடியாது, தூக்க நேரத்தை மாற்ற முடியும்.

இதனால் உயிர் போகுமா என்ற பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982க்கும் 1990க்கும் இடையில் சிங்கப்பூரில் நலமாக இருந்த 230 தாய்லாந்துத் தொழிலாளர்கள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தார்கள், பெரும்பாலும் தூக்கத்தில். தாய்லாந்துக் கிராமங்களில் இதற்கும் பேய்தான் பழி சுமந்தது. 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த இதய மின்னோட்டக் கோளாறு இத்தகைய சாவுகளில் பலவற்றுக்கு விளக்கம் தந்தது. அது இதயத்தின் கோளாறு, தூக்க வாதம் வேறு. தூக்க வாதம் ஆளைக் கொல்வதில்லை. உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாராவது தூக்கத்தில் இறந்திருந்தால் மட்டும் ஓர் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இதோடு வாழ்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அமுக்கம் வரும்போது முழு உடலையும் தூக்கப் போராட வேண்டாம். மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரு விரலையோ கால் கட்டைவிரலையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். ஒருக்களித்துப் படுங்கள். முறை மாறும் வாரங்களிலும் முடிந்தவரை ஒரே அளவு தூங்குங்கள். கூடவே வரும் தெளிவான கனவுகளைக் கண்டு அஞ்ச வேண்டாம், அதே கனவுக் கட்டம்தான் அவற்றையும் தருகிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரோப்ரனலோல் போன்ற சில மாத்திரைகளும் கனவைக் கூர்மையாக்கும், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் துவள்வது ஆகியவையும் சேர்ந்தால் அது நார்கோலெப்ஸி எனும் தூக்க நோயாக இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குப் போங்கள். உழைப்பு நேரத்தைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து எத்தனை மணி நேரத்தில் மறுபடி அழைக்கிறார்கள் என்பதைத் தொழிற்சங்கங்கள் இனிக் கேட்டாக வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை அமுக்கிவிட்டது என்று சொன்னால், அதட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். இந்த வாரம் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று முதலில் கேளுங்கள்.