வண்டிக்குள் மந்தர ஒலி

ஆவணித் திங்களில் புனே நகரின் முட்டா ஆற்றங்கரைப் பக்கம் மாலை வேளையில் செல்வோர், விநாயகர் விழாவிற்காக இளைஞர் குழுக்கள் டோலும் தாஷாவும் முழக்கிப் பயிற்சி செய்வதைக் கேட்கலாம். தாஷாவின் ஒலி காதில் விழும். டோலின் ஒலியோ மார்பில் விழும். பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்துள்ள நமக்கு, ஊர்க் கோயில் வாசலில் தவில் முழங்கிய நினைவு அப்போது எழாமல் இராது.

அத்தகைய மந்தர ஒலியைத் தம் காருக்குள்ளும் கேட்க விரும்புவோர் இன்று பலர். காருடன் வரும் சிறிய ஒலிபெருக்கிகளால் அதனைத் தர இயலாது. அதற்கென்றே அமைந்த பெரிய ஒலிபெருக்கிதான் சப்வூஃபர் என்பது. நாமும் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, தொழிலாளி ஒருவரைக் கொண்டு வண்டியின் பின்பெட்டியில் பொருத்தினோம். பாட்டு நன்றாகவே இருந்தது.

பொங்கலுக்குக் குடும்பத்துடன் ஊருக்குப் புறப்படுமுன், வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் முன்மூடியைத் திறந்து ஒரு கம்பியைச் சுட்டிக் காட்டினார். பாட்டரியிலிருந்து கிளம்பிய அக்கம்பி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள தகட்டின் துளை வழியே உள்ளே சென்றது. துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து, கம்பியின் மேலுறையில் பாதி தேய்ந்து போயிருந்தது. ஃபியூஸ் எங்கே என்று தேடினால், அது பின்பெட்டியில், ஆம்பிளிஃபயரின் அருகே இருந்தது!

இதன் பொருளை அன்று நாம் உணரவில்லை, பின்னரே கற்றுக்கொண்டோம். ஃபியூஸ் ஆம்பிளிஃபயரைக் காப்பதற்கென்று பலரும் எண்ணுகின்றனர். அதன் முதற்கடமை கம்பியைக் காப்பது. தேய்ந்த கம்பி தகட்டைத் தொட்டுவிட்டால், பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அவ்விடத்தில் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். பின்பெட்டியில் உள்ள ஃபியூஸ் அதனைத் தடுக்க இயலாது. மின்சாரம் அதுவரை செல்வதே இல்லையன்றோ? ஆகவேதான் பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் அமைய வேண்டும் என்பது இத்தொழிலின் விதி.

கம்பியின் பருமனும் முக்கியமானது. வீட்டில் 230 வோல்ட்டில் இயங்கும் 500 வாட் கருவிக்கு இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். காரில் இருப்பதோ 12 வோல்ட். அதே 500 வாட்டுக்கு இங்கே 42 ஆம்பியர் தேவை. ஆம்பிளிஃபயரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 50 ஆம்பியரை எட்டிவிடும். வீட்டு விளக்குக்கு இழுக்கும் கம்பி இதற்கு ஆகாது. எதிர்முனைக் கம்பியை, சாயம் சுரண்டிய வெறும் உலோகத்தில் போல்ட்டினால் இறுக்க வேண்டும். பாட்டைக் கொண்டு செல்லும் மெல்லிய கம்பியை வண்டியின் மறுபுறமாகக் கொண்டு செல்வது நலம். இரண்டும் அருகருகே ஓடினால் எஞ்சினின் இரைச்சல் பாட்டில் கலக்கக்கூடும்.

இனிச் சுருதி சேர்க்கும் வேலை. மொழிபெயர்ப்பே நம் உத்தியோகமாதலால், ஆம்பிளிஃபயரில் 'கெயின்' என்று எழுதியுள்ள திருகைப் பற்றி ஒரு சொல். இதனை 'ஒலியளவு' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக் கொள்வோர் உளர். அது பிழையான மொழிபெயர்ப்பு, விலையுயர்ந்த பிழையுங்கூட. பாட்டுப் பெட்டி தரும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப ஆம்பிளிஃபயரை இசைவிப்பதே அதன் பணி. பெட்டியின் ஒலியளவை முக்கால் பங்கு வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்ல உயர்த்தி, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திருகினால் ஒலிபெருக்கியின் சுருள் சூடேறிக் கருகும்.

அடுத்து, 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் சப்வூஃபருக்குச் செல்லாதபடி வடிகட்ட வேண்டும். அவ்வளவு தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. எனவே பின்பெட்டியில் எழும் முழக்கமும், முன்னே பாடுபவரோடு சேர்ந்தே ஒலிப்பதாகத் தோன்றும். மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவைப் பசையைச் சிறிது கூட்டியும் சிறிது வழித்தும் பதம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இதுவும் அத்தகைய பொறுமைதான்.

எவ்வளவு ஒலி போதும்? 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கும் செவி, ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் பாதி நேரமே தாங்கும் என்று கணக்கிடுகின்றனர். அதன்படி 94 டெசிபெலுக்கு ஒரு மணி நேரமே. வெளியே உள்ளோரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. மனிதச் செவியை ஒட்டி அமைக்கப்பட்ட அந்த அளவுமுறை, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபெல் குறைத்தே காட்டும். கருவி குறைத்துச் சொல்லும் அதே ஒலியில் அண்டை வீட்டின் சன்னற்கண்ணாடி அதிரலாம். அதை அளக்க நம் மனச்சான்றுதான் கருவி. பிற மாநிலத்தில் குடியிருக்கும் நாம் அண்டை அயலாரிடம் ஈட்டிய நற்பெயர், ஒரு பாட்டுக்காக இழக்கத் தக்கதன்று.

அந்தக் கம்பியை மாற்றி, துளைக்கு வளையமிட்டு, ஃபியூஸை உரிய இடத்தில் வைத்த பிறகே நாம் பயணம் புறப்பட்டோம். சாத்தாரா கடந்து கோலாப்பூர் நோக்கிச் செல்கையில் நாகசுர இசை ஒலித்தது. தவிலின் அடி, அடக்கமாக, இருக்கைக்குக் கீழிருந்து எழுந்தது. பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் உறக்கம் கலையவில்லை. அதுவே சரியான அளவு என்று கண்டுகொண்டோம்.

உங்கள் வண்டியிலும் இத்தகைய ஏற்பாடு இருக்குமாயின், இவ்வார இறுதியில் முன்மூடியைத் திறந்து, பாட்டரியின் அருகே ஃபியூஸ் உண்டா என்று ஒருமுறை பாருங்கள். பாட்டை அதன் பிறகு கேட்கலாம்.