வளரும் வால்வு

இதயத்தில் நாலு வால்வு. ரத்தம் வந்த வழியே திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் மெல்லிய கதவுகள். 1962-ல் லண்டனில் டொனால்ட் ராஸ், இறந்தவரின் வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். பெரியவர்களுக்கு அது பல வருஷம் உழைக்கும். சிக்கல் குழந்தைகளிடம்தான். உறைய வைத்துப் பாதுகாத்த வால்வானாலும், 'இது நம்ம வீட்டுப் பொருள் இல்லையே' என்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்டுபிடித்துவிடும். சின்னப் பிள்ளைகள் அல்லவா, எதிர்ப்பும் துடிப்பாகத்தான் இருக்கும்! அதுவும் ஒரு காரணமாகி, சுண்ணாம்பு படிந்து வால்வு விறைத்துப்போகும். போதாததற்கு, பிள்ளை வளரும், வால்வு வளராது. மறுபடி ஆபரேஷன். 2022-ல் அமெரிக்காவின் டியூக் மருத்துவமனையில், பிறந்த குழந்தை ஒன்றுக்கு உயிருள்ள வால்வுகளையே வைத்தார்கள். எதிர்ப்பை அடக்க மருந்து உண்டு. முழு இதய மாற்றுக்குத் தருவதைவிடக் குறைவு. குழந்தையோடு வால்வுகளும் வளர்ந்தன.